மார்க்கா பள்ளத்தாக்குக்கு எட்டு நாள் போதாது: மஞ்சக்குப்பம் மைதானத்து நடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குக்கு நம் காலை நடைக் குழுவிலிருந்து பதினான்கு பேர் போவதென்று முடிவாகி, பயணத் திட்டத்தின் நகல் சென்ற ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடை வாசலில் எல்லார் கைக்கும் வந்தது. நானும் ஒன்றை வாங்கிவந்து வீட்டில் இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். போகும் இடம் நல்ல இடம். மாதமும் சரியான மாதம். ஆனால் அந்தத் தாளில் உள்ள எட்டு நாள் கணக்கில் போனால் நம்மில் யாரோ ஒருவர் மேலே படுத்துவிடுவார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒருவர் யார் என்று கிளம்புவதற்கு முன் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த மடல்.

செயலரிடம் தனியாகப் பேசியிருக்கலாம். போகிற பதினான்கு பேரின் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைத்ததாலும், கோடை வந்தால் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இமயமலைக்குக் கிளம்பும் குழுக்கள் இப்போது பெருகிவிட்டதாலும், எல்லார் பார்வைக்கும் வைக்கிறேன். நான் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். இதே பள்ளத்தாக்குக்கு 2017இல் ஒரு முறையும் 2019இல் ஒரு முறையும் போயிருக்கிறேன். முதல் முறை, வழியில் கடக்க வேண்டிய கொங்மாரு லா கணவாயைக் கண்ணால் பார்க்காமலே திரும்பினேன். இரண்டாம் முறை கடந்தேன். இரண்டுக்கும் நடுவில் என் உடல் வலுவில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இரண்டு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான். மாறியது நாள் கணக்கு.

தாளில் இருப்பது இது. முதல் நாள் சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானத்தில் லடாக்கின் லே நகரம். இரண்டாம் நாள் காரில் கர்துங் லா கணவாய்க்குப் போய்வருதல். மூன்றாம் நாள் சிலிங் வரை வண்டி, அங்கிருந்து ஸ்கியூவுக்கு நடை. நான்காம் நாள் மார்க்கா கிராமம், ஐந்தாம் நாள் ஹங்கர், ஆறாம் நாள் நிமாலிங், ஏழாம் நாள் கொங்மாரு லா கணவாயைக் கடந்து ஷாங் சும்தோவில் இறங்கி அன்றிரவே லே. எட்டாம் நாள் விமானம். படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு நாள் நடையும் நம்மால் முடிகிற நடைதான். ஆனால் மலையில் பகலில் எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே உடம்பைத் தீர்மானிக்கிறது.

நம் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே ஏறத்தாழ 3,500 மீட்டர். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு இங்கேயும் அங்கேயும் 21 விழுக்காடுதான். ஆனால் லேயில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவதும் அதே கணக்கில் குறைகிறது. ஏறத்தாழ 5,200 மீட்டரில் உள்ள கொங்மாரு லாவில் பாதிக்குச் சற்று மேலேதான் கிடைக்கும். உடம்பு இதைச் சமாளிக்க முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அப்படிக் கூடியதும் மூளை, போதும் என்று மூச்சைத் தடுக்கிறது. அந்தக் காரத்தைச் சிறுநீரில் இறக்கிச் சமன் செய்யச் சிறுநீரகத்துக்குச் சில நாள் வேண்டும். புதிய இரத்த அணுக்கள் பெருக வாரக் கணக்கில் ஆகும். இந்த வேலை எதையும் பணம் கொடுத்தோ மன உறுதியாலோ விரைவுபடுத்த முடியாது. உயர்மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் பொது விதியும் இதிலிருந்து வந்ததுதான்: 3,000 மீட்டருக்கு மேலே போனபின் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும்.

இந்த விதியை நம் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் நாளே கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர். லடாக் நிர்வாகமே வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கியதும் 48 மணி நேரமாவது ஓய்வெடுக்கச் சொல்கிறது; நாமோ இரண்டாம் நாள் காலையில் 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லாவுக்குப் படம் எடுக்கப் போகிறோம். அடுத்த மூன்று இரவுகளில் குற்றமில்லை: ஸ்கியூ லேயைவிடச் சற்றுத் தாழ்வு, மார்க்கா 3,800 அளவில், ஹங்கர் 4,000 அளவில். அதற்கு அடுத்த இரவு நிமாலிங், 4,800 மீட்டர். ஒரே நாளில் 800 மீட்டர் ஏறிப் படுக்கிறோம். இந்தப் பயணம் முழுவதிலும் அபாயமான இரவு அதுதான். ஹங்கருக்கும் நிமாலிங்குக்கும் நடுவில் 4,200 மீட்டருக்கு மேலே தச்சுங்சே என்னும் இடத்தில் ஓடையோரம் கூடாரம் போட இடம் இருக்கிறது. பல குழுக்கள் அங்கே தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போகின்றன. நாங்களும் 2017இல் அப்படித்தான் போனோம்.

அந்த ஆகஸ்டில் என் மனைவியின் தம்பியும் நானும் வேறு நால்வரும் இதே எட்டு நாள் கணக்கில் போனோம். அவனுக்கு அப்போது 38 வயது. கபடி ஆடிய உடம்பு. எங்கள் ஆறு பேரில் முன்னால் நடந்தவன் அவன்தான். ஹங்கரிலேயே மாலையில் தலைவலி வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். மறுநாள் நிமாலிங் வந்து சேர்ந்தபோது முகம் உப்பியிருந்தது, தேநீர் வேண்டாமென்றான். இரவு உணவுக் கூடாரத்தில் என் எதிரே உட்கார்ந்து கரண்டியில் சூப்பை அள்ளியவன், அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் கன்னத்தில் கொண்டுபோய் வைத்தான். துடைத்துக்கொண்டு மறுபடி அள்ளினான். மறுபடியும் அதே இடம். ஜாக்கெட் ஜிப்பின் கீழ்முனையைக் கோர்க்க நான்கைந்து முறை முயன்று, முடியாமல், திறந்தபடியே குளிரில் எழுந்து வெளியே போனான். வழிகாட்டி பின்னாலேயே போய், ஊன்றுகோலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி அதன் மேல் நடந்து காட்டச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே இடப்பக்கம் சாய்ந்தான். “மாமா, எனக்கு ஒண்ணும் இல்ல, கல்லு தடுக்குது” என்றான். அங்கே கல் எதுவும் இல்லை.

விடிந்ததும் இறங்கலாம் என்று சொன்னவன் நான். வழிகாட்டி அதைக் கேட்கவே இல்லை. மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியதன் அடையாளம் அது என்பதும், விடியும்வரை காத்திருந்தால் நினைவு தப்பியிருக்கக்கூடும் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்களை அனுப்பிய ஏற்பாட்டாளரின் தாளில் ஆக்ஸிஜன் உருளை உண்டு என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தபோது அது காலியாக இருந்தது. வழிகாட்டி தன் சொந்தப் பையில் வைத்திருந்த, மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் கொடுத்து, அவனை மட்டக்குதிரையில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில் ஹங்கருக்கு இறக்கினார். காலையில் நேராக நடந்தான். ஆனால் சிலிங்கில் வண்டியைப் பார்க்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. வீட்டில் என் மாமியார் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

அவன் செய்த தவறு தலைவலியை மறைத்தது. அவனை மறைக்க வைத்தது எங்கள் திட்டம். எட்டாம் நாள் விமானம் என்று இருக்கும்போது, தனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்கிற ஆள் மற்ற ஐவரின் பயணத்தையும் கெடுக்கிறவன் ஆகிவிடுகிறான். ஒரு நாள்கூட மிச்சமில்லாத திட்டத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பதினான்கு பேர் உள்ள குழுவில், அதுவும் அலுவலகத்தில் எண்ணி விடுப்பு வாங்கி வந்தவர்கள் நடுவில், இது இன்னும் கடினம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் வெகு தூரம் போக வேண்டியதில்லை. கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால், கடல் எதிரே கண்ணாடி போலக் கிடந்தாலும் தேவனாம்பட்டினத்துப் படகு இறங்காது. இன்றைக்கு நல்ல மீன் கிடைக்கும் என்று ஒருவரும் வாதாட மாட்டார். 2011 டிசம்பரில் தானே புயல் இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். மலையில் தலைவலிதான் முதல் கூண்டு. அதோடு குமட்டல், தலைச்சுற்று, அளவு மீறிய அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் உயர்மலை நோய் என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கு ஓர் அடிகூட மேலே ஏறக் கூடாது; தங்கியும் குறையவில்லையென்றால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, வறட்டு இருமல், நெஞ்சில் கொப்பளிக்கும் சத்தம், நீலம் பாரித்த உதடு ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். நடை தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் மூளையின் அடையாளம். இந்த இரண்டில் எது வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் அப்போதே இறங்க வேண்டும், துணையோடு இறங்க வேண்டும். மருந்தும் ஆக்ஸிஜனும் இறங்குவதற்கு உதவி செய்யுமே தவிர, இறங்குவதற்கு மாற்று ஆகா.

ஞாயிறன்று நண்பர் ஒருவர், நம் ஊர்க் கரையேறவிட்ட குப்பத்தில் கல்லோடு மிதந்து வந்து கரையேறிய அப்பர் தள்ளாத வயதில் கயிலைக்கே நடந்தாரே, நமக்கு இது முடியாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கதையை முழுவதும் நினைத்துப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் உந்தி ஊர்ந்த அந்தப் பெரியவரிடம் இறைவன் வந்து சொன்னது திரும்பிப் போ என்பதுதான். அவர் கயிலைக் காட்சியைக் கண்டது திருவையாற்றில். திரும்பியதால் அவர் பக்தியில் குறை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆகவே நான் கேட்பது முதலில் நான்கு நாள். எட்டைப் பன்னிரண்டாக்குங்கள். லேயில் மூன்று இரவு, கர்துங் லா இல்லாமல்; இரண்டாம் நாள் மாலையில் கடைத்தெருவில் மெதுவாக நடந்தால் போதும், மூன்றாம் நாள் சாந்தி ஸ்தூபிப் படிகள். பிறகு ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் ஒவ்வோர் இரவு; தச்சுங்சேயில் ஓர் இரவு; நிமாலிங்கில் ஓர் இரவு, தேவைப்பட்டால் இரண்டு. கணவாய் கடந்த அன்றே லேக்கு ஓடாமல் ஷாங் சும்தோவில் தங்கினால், 1,500 மீட்டர் ஒரே நாளில் இறங்கிய முழங்கால்களுக்கும் நல்லது. விமானத்துக்கு முந்தைய ஒரு நாள் எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே இருக்க வேண்டும். அது மழைக்கும் மண்சரிவுக்கும் தலைவலிக்குமான நாள். தச்சுங்சேயில் தங்கியும் நிமாலிங் ஏற்றம் 500ஐக் கொஞ்சம் தாண்டத்தான் செய்கிறது. அதனால்தான் நிமாலிங்கில் இரண்டாம் இரவுக்கு இடம் வைக்கச் சொல்கிறேன். விடுப்பு கூடுதலாகக் கிடைக்குமானால், விமானத்தை விட்டு ஸ்ரீநகர் வழியாகச் சாலையில் போவது இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த வழியில் 2,700 மீட்டர் அளவில் கார்கிலில் ஓர் இரவு தங்கி உடம்பு படிப்படியாக ஏறும். மணாலி வழி வேண்டாம்; அது 4,200 மீட்டருக்கு மேலே சர்ச்சுவில் படுக்கவைத்து, மறுநாள் 5,300 மீட்டர் தங்லங் லாவையும் தாண்டவைக்கும். பள்ளத்தாக்குக்குள் இப்போது சாலை நீண்டு வருவதால், வண்டியிலேயே உள்ளே வெகு தூரம் போய் நாளை மிச்சம் பிடிக்கலாம் என்று ஏற்பாட்டாளர் சொல்லக்கூடும். அப்படி மிச்சம் பிடிக்கும் நாள்தான் உடம்புக்கு வேண்டிய நாள்.

இரண்டாவதாக, இறங்குவது பற்றிய முடிவை யார் எடுப்பது என்பதை இங்கேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். மேலே போனபின் பதினான்கு பேர் கூடிப் பேசி முடிவெடுக்க முடியாது. ஆக்ஸிஜன் குறையும்போது முதலில் மழுங்குவது நம் தீர்மானிக்கும் அறிவுதான். வழிகாட்டி இறங்கு என்றால் இறங்குவது, ஒருவர் இறங்கினால் கூட ஓர் ஆளும் ஒரு குதிரையும் போவது, அதற்காகவே சுமை ஏற்றாத ஒரு குதிரைக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது, தினமும் இரவு உணவின்போது ஒவ்வொருவரும் தலைவலி உண்டா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்வது: இவ்வளவும் அந்தத் தாளில் இருக்கட்டும். நிமாலிங்கில் ஒரே குதிரைக்காரர் நம் குழுவுக்கும் வேறொரு குழுவுக்கும் பொது என்று சொல்லும் ஏற்பாட்டாளரை ஏற்காதீர்கள்.

உடல் பரிசோதனையைப் பற்றி. போகிறவர்களில் ஐவர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இருவருக்குச் சர்க்கரை, மூவருக்கு இரத்த அழுத்தம் என்று எனக்கே தெரியும். அதனால் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தத்தோடு போய்வந்தவர்கள் ஏராளம். ஆனால் இப்போதே மருத்துவரைப் பார்த்து, போகும் உயரத்தைச் சொல்லி, மாத்திரையில் மாற்றம் வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அதை உறைய விடக் கூடாது, உறைந்தால் வீண். இரவில் தூக்கப் பைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தவறிச் சொல்லும், அதையும் உடம்புச் சூட்டில் வைத்தே பயன்படுத்த வேண்டும். டயமாக்ஸ் என்று நாம் சொல்லும் அசெட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகம் செய்ய வேண்டிய அந்த வேலையைத்தான் முன்கூட்டித் தொடங்கிவைக்கிறது. நேராக விமானத்தில் லேயில் இறங்குகிறவர்களுக்கு அது பயனுள்ளது; பெரியவர்களுக்குத் தடுப்புக்காகப் பொதுவாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம் இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டால், விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் மருந்தின் குணம் என்று தெரிந்து மேலே பயப்பட மாட்டோம். தூக்க மாத்திரை வேண்டாம், மது வேண்டாம்; இரண்டும் இரவு மூச்சை மட்டுப்படுத்தும்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, கொண்டுவாருங்கள். ஆனால் சில்லிட்ட விரலில் அது சொல்லும் எண்ணை நம்பி, தலைவலியை அலட்சியப்படுத்தாதீர்கள். கடையில் விற்கும் கைக்கு அடக்கமான ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடம்தான் வரும். அந்தக் காசுக்கு நல்ல காலுறை வாங்கலாம். வழிகாட்டியிடம் முழு உருளை இருக்கிறதா, அதன் அளவுமானியின் முள் எங்கே நிற்கிறது என்று சிலிங்கில் செயலரே கண்ணால் பார்த்துவிட்டு நடை தொடங்க வேண்டும்.

பயிற்சி பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அது உயர்மலை நோயைத் தடுக்காது. வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே முதலில் வரவும் கூடும் என்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். பயிற்சி எதற்கென்றால், மாலையில் கூடாரம் சேரும்போது களைப்பு வேறு, நோய் வேறு என்று பிரித்தறியும் அளவுக்குத் தெம்பு மிச்சம் இருப்பதற்கு. மைதானத்தைச் சுற்றி நடப்பதில் ஏற்றம் இல்லை. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் ஏழெட்டு கிலோ பையோடு மாடிப்படி, அரை மணியில் தொடங்கி ஒரு மணி வரை. ஒரு நாள் தேவனாம்பட்டினத்து மணலில் வெறுங்காலோடு நடை, கணுக்கால் உறுதிப்படும். மாதம் ஒரு முறை செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு முறை எல்லாரும் சேர்ந்து பர்வதமலை ஏறுவோம். ஏறுவதைவிட அங்கே இறங்குவதைக் கவனியுங்கள்; கொங்மாரு லாவிலிருந்து இறங்கும்போது தொடை நடுங்குவது அங்கே பழகாததால்தான். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் எதுவோ, அதுதான் மலையில் நம் வேகம். அதை இங்கேயே பழகுங்கள்.

காலணி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரைக்கென்றே உள்ள தொல்லை அதில் இருக்கிறது. 2019இல் எங்களோடு வந்த ஒருவர், மூன்று ஆண்டு முன் வாங்கி இரண்டு முறை மட்டும் போட்டுப் பரணில் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்த காலணியைக் கொண்டுவந்தார். பார்க்கப் புதிது. மார்க்கா கிராமத்துக்கு முன் ஓர் ஓடையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் வலது அடித்தட்டு வாய் பிளந்தது. விரலால் தொட்டால் அதன் நுரைப் பகுதி பழைய ரஸ்க் போல உதிர்ந்தது. அந்த நடு அடுக்கு பாலியூரித்தேனால் ஆனது. காற்றின் ஈரம் ஏற ஏற, போட்டாலும் போடாவிட்டாலும் உள்ளுக்குள்ளேயே அது சிதைகிறது. கடலூர்க் காற்றின் ஈரத்தில், மூடிய பெட்டிக்குள், இன்னும் சீக்கிரம். மீதி நாளெல்லாம் சமையல்காரர் கொடுத்த நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் அவர் நடந்தார். எனவே பழைய காலணியை இப்போதே எடுத்து அடித்தட்டை வளைத்துப் பாருங்கள். புதிது வாங்குபவர்கள் மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்காத அளவாக வாங்கி, செப்டம்பருக்குள் நூறு கிலோமீட்டராவது நடந்துவிடுங்கள். ஓடைகளைக் கடக்கப் பின்பட்டை உள்ள செருப்பு ஒன்று தனியாக வேண்டும். பனி உருகுவதால் அந்த ஓடைகள் காலையில் கணுக்காலுக்கும் மாலையில் முழங்காலுக்கும் ஓடும், காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

துணியில் ஒரே ஒரு பழக்கத்தை விட வேண்டும். நமக்குப் பருத்திதான் உடம்புக்கு இதம். மேலே வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். செயற்கை நூலோ கம்பளியோ உள்ளே, அதன் மேல் மெத்தென்ற ஃபிளீஸ் சட்டை, அதன் மேல் மென்இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஒன்று. நிமாலிங்கில் செப்டம்பர் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். வாடகைத் தூக்கப் பையை லேயில் விரித்து, ஜிப்பை முழுவதும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். டவுன் ஜாக்கெட், மழை உடை, தலைவிளக்கு, ஒரு வேளைத் தீனி ஆகியவை எப்போதும் உங்கள் முதுகுப் பையில் இருக்க வேண்டும், குதிரை மேல் இருக்கக் கூடாது. 2024 ஜூனில் உத்தரகண்டின் சஹஸ்ர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தவர்கள் இருந்த 22 பேர் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கி, ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர்களில் பலர் நம் வயதினர், நம்மைப் போல ஆசையோடு போனவர்கள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, திறந்த வெளியில் ஓர் இரவு தாக்குப்பிடிக்கத் தேவையானதை முதுகில் சுமக்காமல் நான் எந்த மலைக்கும் போவதில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே பசி இருக்காது, ஆனாலும் சாப்பிட வேண்டும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், கடலை உருண்டை, பண்ருட்டி முந்திரி எல்லாம் பொது மூட்டையில் வரட்டும். வாய்க்குப் பழகிய ருசி இருந்தால் நான்கு வாய் கூடுதலாக இறங்கும். நிமாலிங்கில் தண்ணீர் 84 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் சரி. சோறு வேகக் குக்கர் வேண்டும். தாகம் இல்லாவிட்டாலும் நாளுக்கு மூன்று லிட்டர் அளவில் குடியுங்கள், சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் போதும்.

தொடர்பு. சிலிங் தாண்டினால் கைப்பேசியை நம்ப வேண்டாம். சேட்டிலைட் போன் யாரிடமாவது இரவல் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம் முழுத் திட்டமும், ஏற்பாட்டாளர், வழிகாட்டி, லேயில் தங்குமிடம் ஆகியவற்றின் எண்களும், ஒவ்வொருவரின் இரத்த வகையும் மருந்துப் பட்டியலும் இருக்கட்டும். எத்தனையாம் நாள் வரை தகவல் வராவிட்டாலும் பதற வேண்டாம், எந்த நாள் மாலைக்குள் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும். பதினான்கு வீட்டாரும் அந்த ஒருவரை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். காப்பீடு எடுப்பவர்கள் எத்தனை மீட்டர் உயரம் வரை என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பலவற்றில் நம் கணவாய்க்குக் கீழேயே அது நின்றுவிடும்.

இவ்வளவும் செய்தால் செலவு கூடும் என்று எனக்குத் தெரியும். நான்கு நாள் குதிரை, உணவு, வழிகாட்டிக் கூலி, அதோடு நான்கு நாள் விடுப்பு. நம்மில் இருவர் அந்த விடுப்பு கிடைக்காமல் நின்றுவிடவும் கூடும். அவர்களுக்காக டிசம்பரில் ஏற்காட்டுக்கோ கல்வராயன் மலைக்கோ தனியாக ஒரு நடை வைப்போம். நானே உடன் வருகிறேன். எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக நாளைக் குறைக்காதீர்கள்.

விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்று செயலர் சொன்னார். வரும் ஞாயிறு நடை முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிட்டு எடுக்கலாம். ஒவ்வொருவரும் மலைக்குப் போட நினைத்திருக்கும் காலணியையும், கடைசியாகப் பார்த்த மருத்துவச் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். பன்னிரண்டு நாள் திட்டத்தை எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, பதினைந்து நகல் எடுத்து வருகிறேன். பதினைந்தாவது ஊரில் இருக்கப்போகிறவருக்கு. வேறு யாரும் முன்வராவிட்டால் அந்த ஒருவராக நானே இருந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு காலையில் நடக்கும் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.